மூத்தார் அடைத்த பல்

"அசையாதீங்க. எச்சில் முழுங்காதீங்க. கண்ணை மூடிக்கோங்க. மிஷின் தலையைச் சுத்தி வரும், ஒண்ணும் பண்ணாது."

இதை புருல் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்லுவாள். ஆறு வருஷமாகச் சொல்கிறாள். கிர்கிஸ் மலைநாட்டில் நாரின் என்கிற அந்த ஊரில் பல்லுக்கு த்ரீடி படம் எடுக்கும் மிஷின் ஒன்றுதான், அதன் பக்கத்தில் நிற்கிறவளும் ஒருத்திதான். சுற்றுவட்டாரத்துப் பல் டாக்டர்கள் எல்லோரும் சீட்டு எழுதி இங்கேதான் அனுப்புவார்கள். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வண்டி பிடித்து வருகிறவர்களும் உண்டு. கன்னம் வீங்கி, இரண்டு நாள் தூங்காமல், யார் மேலாவது எரிந்து விழுவதற்குத் தயாராக வருவார்கள். கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிறவள் புருல்தான் என்பதால் அந்த எரிச்சலெல்லாம் அவளுக்கே போய்ச் சேரும். ஐம்பத்துநாலு வயதில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்று நின்று கணுக்கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. சில நாள் தன் குரலைத் தானே கேட்பது அவளுக்கு அலுப்பாக இருக்கும்.

படத்துக்கு முன்னால் தலையில் இருக்கிற இரும்பையெல்லாம் கழற்றி வைக்க வேண்டும். கொண்டை ஊசி, தோடு, மூக்குக் கண்ணாடி எல்லாம். ஒன்று மறந்துபோனாலும் படம் முழுக்க வெள்ளைக் கீற்றாக விழுந்து பல்லே தெரியாது. புருலுக்குச் சங்கடம் இந்த இடத்தில்தான். கிர்கிஸ் பேச்சில் இரும்புக்கு தெமிர் என்று பேர். அவளுடைய மூத்தார், அதாவது இறந்துபோன புருஷனின் அண்ணன், பேர் தெமிர்குல். புருஷன் வீட்டுப் பெரியவர்கள் பேரைச் சொல்லக் கூடாது, அந்தப் பேருக்குள் இருக்கிற சொல்லையும் சொல்லக் கூடாது. இந்தக் காலத்துப் பெண்களிடம் இதைச் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். புருல் இருபது வயதில் அந்த வீட்டுக்குள் காலை வைத்தவள். முப்பத்துநாலு வருஷமாக இரும்பு என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

"தலையில இருக்கிற கெட்டியான சாமானெல்லாம் கழட்டி வெச்சிடுங்க," என்பாள்.

"என் மண்டையே கெட்டின்னுதான் எம் பொண்டாட்டி சொல்றா," என்றார் ஒரு தடவை குதிரை மேய்க்கிற ஒருவர். "அதையும் கழட்டணுமா?"

இன்னொரு தடவை ஒரு பெண் பிளாஸ்டிக் சீப்பைப் பத்திரமாக எடுத்து மேசையில் வைத்துவிட்டு, தலைத்துணிக்குள் பதினோரு கொண்டை ஊசியோடு போய் நின்றுவிட்டாள். படம் பாழ். இரண்டாவது தடவை எடுக்க வேண்டி வந்தது. படத்தை எதிர்பார்த்திருந்த டாக்டர் எர்னிஸ் நேரிலேயே வந்துவிட்டான். பிஷ்கெக்கில் படித்து, மைக்ராஸ்கோப் வைத்து ரூட் கெனால் செய்கிற முப்பத்தொரு வயதுப் பையன். கெட்டிக்காரன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவளை எஜே, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான்.

"எஜே, ஒரே ஒரு வார்த்தை. இரும்பு. சொன்னா நாக்கு வெந்துடுமா?"

"நீங்க சொல்லிக்கோங்க தம்பி. நான் அந்த வீட்டு ரொட்டி தின்னவ."

அவள் சொன்னது வெறும் பேச்சில்லை. புருல் பாலர் பள்ளி ஆசிரியை வேலைக்குப் படித்தவள். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் மாஸ்கோ ஆட்சி போய் நாடு மாறியது, பாலர் பள்ளியை இழுத்து மூடினார்கள். புருஷன் முகாஷ் ஓட்டிய லாரி டீசல் இல்லாமல் வாசலில் நின்று துருப்பிடித்தது. இரண்டு கைக்குழந்தைகள். அப்போது தெமிர்குல்தான் வந்து, "எழுந்து வா கெலின்," என்று கூட்டிக்கொண்டு போனார். வாழ வந்த பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் பெரிய ஆஸ்பத்திரியில் பல் டாக்டர். அங்கே எக்ஸ்ரே இருட்டறையில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தி, படம் கழுவக் கற்றுக்கொடுக்க ஒரு ஆளையும் பிடித்துக் கொடுத்தார். முகாஷ் இறந்தபோது உடலை வைக்கக் கூடாரம் போட்டதிலிருந்து நாற்பதாம் நாள் சாப்பாடு வரை முன்னால் நின்று நடத்தினார். பெண்கள் இரண்டு பேரும் படித்ததற்கும் அவரே காரணம். சிடுசிடுவென்ற மனிதர்தான். கெட்டவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது.

அந்த ஊரில் வாயைத் திறந்தால் செங்கல் நிறத்தில் ஒரு பல் தெரிகிறதென்றால் அது தெமிர்குல் கை பட்ட பல். அந்தக் காலத்தில் வேருக்குள் ஒரு பசையை அடைப்பார்கள். பொடியையும் மருந்துத் தண்ணீரையும் குழைத்தால் வரும் பசை. உள்ளே போனதும் கல்லாக இறுகிவிடும். வருஷம் ஆக ஆகப் பல் சிவக்கும். அவர் மட்டும் செய்யவில்லை, அன்றைக்கு மாஸ்கோவிலிருந்து இந்த மலை வரைக்கும் எல்லா டாக்டர்களும் அதைத்தான் படித்தார்கள், அதைத்தான் செய்தார்கள். ஜனங்கள் அந்தச் சிவப்பைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

பழைய சின்ன எக்ஸ்ரேயில் அந்தப் பற்களெல்லாம் குறை இல்லாத மாதிரிதான் தெரியும். ஒரு வேர் இன்னொரு வேருக்குப் பின்னால் மறைந்துகொள்ளும், ஒன்றை அடைத்திருந்தால் எல்லாம் அடைத்த மாதிரி இருக்கும். அந்தப் படங்களை இருபத்தைந்து வருஷம் தன் கையால் கழுவிக் காயப்போட்டவள் புருல். த்ரீடி மிஷின் வந்த பிறகுதான் வினை. அதில் பல்லை எந்தப் பக்கமும் திருப்பலாம், ரொட்டியை நறுக்குகிற மாதிரி மேலிருந்து கீழ்வரை துண்டு துண்டாகப் பார்க்கலாம். மறைவதற்கு இடமே இல்லை. பசை பாதி வேர் வரைக்கும்தான் போயிருக்கும். வேருக்குள் நாலு குழல் ஓடுகிற கடைவாய்ப் பல்லில் மூன்றுதான் திறந்திருக்கும். திறக்காததன் நுனியில் எலும்பு கரைந்து கறுப்பாக ஒரு குழி இருக்கும்.

தினமும் அவர் கை பட்ட பல் அஞ்சாறு வரும். புருல் யாரிடமும் சொன்னதில்லை. படம் எடுக்கிறவள் பார்க்கலாம், பேச வேண்டியவர் டாக்டர் என்பது அவள் வேலையின் சட்டம். "இதை அடைச்சது யாரு எஜே, தெரியுமா?" என்று எர்னிஸ் கேட்டால், "பழசு தம்பி, யாரோ," என்று சொல்லி வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அந்த அஞ்சாறில் சேராத ஒரு பல் அவள் வாயிலேயே இருந்தது. மேல் இடது கடைவாய்ப் பல். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில் அதை அடைத்தவர் தெமிர்குல். கரண்ட் இல்லை. மரப்பு ஊசி ஊரிலேயே இல்லை. காலால் மிதித்து ஓட்டுகிற பழைய துளைப்பானைத் தேடி எடுத்தார்கள், அவரிடம் தொழில் கற்ற ஷரிப் மிதித்தான். முடிந்ததும், "நல்லா தாங்கினே கெலின்," என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையை அவள் ரொம்ப வருஷம் சந்தோஷமாக வைத்திருந்தாள்.

மூன்று வருஷமாக அந்தப் பல் வலித்தது. முதலில் எப்போதாவது, அப்புறம் தினமும். வலது பக்கமாக மென்றாள். மாத்திரை போட்டாள். கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு ஜனங்களிடம் அசையாதீங்க என்றாள். வேறு டாக்டரிடம் போவது நடக்கிற காரியமா? எர்னிஸின் ஆஸ்பத்திரி சந்தைக்கு எதிரிலேயே இருக்கிறது, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்குள் ஒரு தரம் போய் உட்கார்ந்தால் போதும், தெமிர்குல் வீட்டுப் பெண்ணே தெமிர்குல் அடைத்த பல்லைப் பிடுங்கிப் போடச் சொல்லிவிட்டாள் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதிலும் இந்தச் சமயத்தில் முடியவே முடியாது. வருகிற சனிக்கிழமை அவருக்கு எண்பது வயது. விருந்துக்கு நான்கு ஆடு, ஒரு குதிரை, இருநூறு பேர். மேயர் வந்து சால்வை மாதிரி மேலங்கி போர்த்தப் போகிறார்.

திங்கட்கிழமை ஒரு படத்தை வாங்க வந்த எர்னிஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"எஜே, எத்தனை நாளா இந்த வீக்கம்?"

"காத்து பட்டிருக்கும்."

"காத்து ஒரு பக்கம் மட்டும் படுமா? போய் மிஷின்ல நில்லுங்க. நான் பட்டனை அழுத்தறேன்."

மாட்டேன் என்று சொல்லக்கூட அன்றைக்கு அவளுக்குத் தெம்பில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாகத் தாடையை மிஷின் மேடையில் வைத்து, தலை ஆடாமலிருக்க அதில் நீட்டியிருக்கிற குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றாள். அசையாதீங்க என்று அவளுடைய வார்த்தைகளையே எர்னிஸ் அவளிடம் சொன்னான், குறும்போடுதான் சொன்னான். படம் வந்ததும் அவன் முகத்தில் குறும்பு இல்லை.

"எலும்பு கரைஞ்சு சைனஸ் வரைக்கும் ஓட்டையாயிடுச்சு. இந்த வாரமே தொறந்து சுத்தம் பண்ணினா பல்லு பிழைக்கும். தள்ளிப் போட்டீங்கன்னா பல்லும் போகும், பிஷ்கெக் போய் மூஞ்சியைக் கிழிச்சு ஆபரேஷனும் பண்ணணும். நான் பயமுறுத்தல. வியாழக்கிழமை வாங்க."

"சனிக்கிழமை கழியட்டும் தம்பி."

"சீழுக்கு சனிக்கிழமை தெரியுமா?"

தன் பேரைப் போட வேண்டாம் என்று அவள் கெஞ்சியதால் படத்தின் மூலையில் வெறும் எண்ணைப் போட்டுவிட்டுப் போனான்.

புதன்கிழமை மத்தியானம். வெளிக்கதவில் சாப்பாட்டு நேரம் என்ற அட்டையைத் தொங்கவிட்டு, ஒரு கோப்பைப் பால் தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு, புருல் தன் பல்லைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் போவதா, வேண்டாமா? போனால் சனிக்கிழமை இருநூறு பேர் முன்னால் அவர் தலை குனிய வேண்டும். போகாவிட்டால் முகம் போகும். யோசிக்க யோசிக்க வலிதான் கூடியது. ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்தும் மெல்ல முடியவில்லை.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. சாப்பாட்டு நேரம் என்று எழுதியிருப்பது யாருக்குத்தான் கண்ணில் படுகிறது என்று முனகிக்கொண்டே போய்த் திறந்தால் தெமிர்குல் நிற்கிறார். கழுத்தில் டை, தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி. ஓய்வு பெற்ற பதினாறு வருஷத்தில் அவர் இந்த அறைப் பக்கம் வந்ததே இல்லை. பேரைச் சொல்லாமல் பெரியவர்களைக் கூப்பிடுகிற அகே என்ற சொல்தான் அவள் வாயில் வந்தது.

"வாங்க அகே. உள்ள வாங்க. டீ ஊத்தட்டுமா?"

"டீ குடிக்க வரலை. இந்த மிஷின்ல பல்லைத் திருப்பித் திருப்பிப் பாக்கலாம்னு சம்பந்தி சொல்றார். நெசமா?"

"ஆமா அகே."

"நான் அடைச்சதுல ஒண்ணு காட்டு." தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "சனிக்கிழமை ஆளாளுக்கு என்னைப் பத்திப் பேசப் போறானுங்க. பேசறதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவை உள்ள பாத்துடறேன். நாப்பது வருஷம் தொட்டுத் தடவித்தான் வேலை செஞ்சேன். கண்ணால பாத்ததில்லை."

புருல் என்ன செய்யலாம் என்று ஒரு நிமிஷத்துக்குள் முடிவு பண்ணிவிட்டாள். போன வாரம் எர்னிஸ் செய்த பல் ஒன்று இருக்கிறது, நாலு குழலும் நுனி வரைக்கும் அடைத்த அருமையான வேலை. அதைக் காட்டி இது உங்களுடையது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவள் மவுஸைப் பிடித்துத் திரையில் இருந்ததை மூடப் போனாள்.

"இரு இரு. அதை மூடாதே. மேல ஆறாம் பல்லு, கடைவாய்ப் பல்லுதானே? கொஞ்சம் திருப்பு."

திருப்பினாள். வேறென்ன செய்வாள்? அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பல்லைத் திருப்புவது எப்படி என்று ஒரு தடவைதான் சொல்லிக்கொடுத்தாள், இரண்டாவது தடவை அவரே மவுஸை வாங்கிக்கொண்டார். எண்பது வயதுக் கண் திரையை விட்டு அகலவில்லை. மிஷின் என்னமோ புதிது, பல்லு அவருக்குப் பழக்கமானது.

"முன்வேர்ல ரெண்டு குழல் இருக்கு பாரு. ஒண்ணைத்தான் தொறந்திருக்கான். அதுவும் பாதியோட நின்னுடுச்சு. நம்ம பசைதான் போட்டிருக்கான், ஆனா மேலாக்க அப்பிட்டு விட்டுட்டான். இதைப் பாரு, அடியில எலும்பே இல்ல. சைனஸ் தரை எங்கே? காணோம்." அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. "இது எத்தனை வருஷமா இப்படிக் கிடக்கு? இந்த ஆள் எப்படிச் சாப்பிடறான்? எந்த மடையன் பண்ணின வேலை இது?"

புருல் தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"ஷரிப்தானே?"

ஒரு தலையசைப்புப் போதும். ஷரிப் ரஷ்யாவுக்குப் போய் இருபது வருஷம் ஆகிறது, அவன் காதுக்கு எதுவும் எட்டப் போவதில்லை. கிழவர் அவனை நாலு திட்டுத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். சனிக்கிழமையும் நல்லபடியாகக் கழியும். புருல் தலையை அசைக்கத்தான் நினைத்தாள். பல் விண்விண்ணென்று தெறித்தது. மூன்று வருஷமாக ஒளித்து ஒளித்து அவளுக்கு அலுத்துவிட்டது, பொய் சொல்வதற்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது, அது அவளிடம் இல்லை.

"ஷரிப் இல்ல அகே."

"பின்னே? வலெந்தினாவா? அந்தம்மா இப்படி விடமாட்டாளே."

"வலெந்தினா இல்ல."

"ஊர்ல வேற யாரு இருந்தா? பேரைச் சொல்லு."

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பேரைச் சொல்லுன்னு கேக்கறேன் கெலின். ஒளிச்சு வெச்சு யாரைக் காப்பாத்தறே? பேரு என்ன, பேரு?"

கேட்டுக்கொண்டே அவர் திரும்பினார். அவள் உதடு இறுக மூடியிருந்தது. இடது கன்னம் கண்ணுக்குக் கீழே வரை உப்பியிருந்தது. அவர் திரையைப் பார்த்தார், மறுபடி கன்னத்தைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் சொல்லாத பேர்கள் மொத்தமே மூன்று. மாமனார், மாமியார் இரண்டு பேரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள், அவர்கள் பல் டாக்டர்களும் இல்லை.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"வாயைத் தொற," என்றார் தெமிர்குல்.

அவர் செல்போன் விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தார். பல் செங்கல் சிவப்பாக இருந்தது. விளக்கை அணைக்கத் தெரியாமல் அதைக் கையில் வைத்துத் தடுமாறினார், புருல்தான் வாங்கி அணைத்தாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"கொஞ்சம்."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா."

"மூணு வருஷமா வலிச்சா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

இதைக் கேட்டதும் புருலுக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பத்துநாலு வருஷத்தில் அவர் முன்னால் அவளுக்குக் கோபம் வந்ததே இல்லை, வந்திருந்தாலும் அவள் காட்டியிருக்க மாட்டாள்.

"என்னன்னு சொல்றது? நீங்க செஞ்சது கெட்டுப் போச்சு, வேற டாக்டர்கிட்ட போறேன்னு சொல்றதா? நீங்க இல்லைன்னா எம் புள்ளைங்க என்ன ஆகியிருக்கும்? அதை நெனச்சு நெனச்சே வாயை மூடிக்கிட்டேன். டாக்டர் நாளைக்கு வரச் சொல்லியிருக்கார். இல்லைன்னா ஆபரேஷனாம். நான் சனிக்கிழமையைப் பாப்பேனா, என் மூஞ்சியைப் பாப்பேனா? எனக்குக் களைப்பா இருக்கு அகே. ரொம்பக் களைப்பா இருக்கு."

சொல்லி முடித்ததும் பயந்துபோய்த் தேநீர்க் கோப்பையை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினாள். தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அதைத்தான் அவர் எடுத்துக் குடித்தார்.

"இந்த மாதிரி தினம் எத்தனை வருது? என்னோடது."

"ஒண்ணு ரெண்டு இருக்கும்."

"கெலின்."

"அஞ்சாறு."

அவர் தலையை ஆட்டினார். காட்டு என்றார். சாப்பாட்டு நேரம் முடிந்தது, வெளியே பெஞ்சில் ஜனம் சேர்ந்துவிட்டது. புருல் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுப் படம் எடுத்துவிட்டு, நடுநடுவே வந்து அவருக்கு ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள். பேரைப் படித்துச் சொன்னால் அவருக்கு ஆள் ஞாபகம் வந்தது. இவள் தபால் ஆபீசில் இருந்தவள், அன்றைக்கு வாசலில் இருபது பேர், அவசரப்பட்டுவிட்டேன். இவன் பன்னிரண்டு வயதுப் பையன், திமிறினான், பாதியில் விட்டுவிட்டேன். இந்தப் பல்லு பரவாயில்லை, எப்படித் தப்பித்தது என்று தெரியவில்லை. நல்லதாக இரண்டு மூன்று இருந்தன, அவற்றைப் பார்த்தும் அவர் முகம் தெளியவில்லை. நாலு மணிக்கு மவுஸைக் கீழே வைத்தார்.

"ஒருத்தரும் திரும்பி வந்து எங்கிட்ட குறை சொன்னதில்லை. நாப்பது வருஷத்துல ஒருத்தர்கூட. அதனால நல்லா செஞ்சிருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

புருல் அடுத்த ஆளுக்குக் கடிக்கிற குச்சியில் புது உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்ட எப்படி வந்து சொல்லுவாங்க அகே," என்றாள். "தெருவுல உங்களைப் பாத்தா எழுந்து நிக்கிற ஜனம்."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போகும்போது வாசலில் நின்று, "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, சந்தை நிரம்பி வழிகிற நேரத்தில், தெமிர்குல் அவளைக் கூட்டிக்கொண்டு நடுத்தெரு வழியாக நடந்தார். பின்பக்கமாகப் போகலாம் என்று புருல் இழுத்துப் பார்த்தாள், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தர்பூசணிக்காரனிலிருந்து கறிக்கடைக்காரி வரைக்கும் எழுந்து சலாம் சொன்னார்கள்.

"எங்க அகே இந்தப் பக்கம்? சனிக்கிழமைக்குச் சாமான் வாங்கவா?" என்றாள் கறிக்கடைக்காரி.

"பல்லு பாக்க. நான் கெடுத்து வெச்சதை எதிர்ல இருக்கிற டாக்டர் பையன் சரி பண்ணித் தரப் போறான்."

அவள் கத்தியைப் பிடித்தபடியே நின்றாள். பக்கத்துக் கடைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். புருலுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது.

எர்னிஸ் அவரைப் பார்த்ததும் எழுந்து, வாய் நீளத்தையெல்லாம் மறந்து, இரண்டு கையாலும் கை குலுக்கினான். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு புருல் போய் நாற்காலியில் சாய்ந்தாள். அறை சின்னது. மைக்ராஸ்கோப்பும் திரையும் தலைமாட்டை அடைத்துக்கொண்டதால் தெமிர்குலுக்கு அவள் கால்மாட்டில் ஒரு முக்காலி கிடைத்தது.

"உள்ள கல்லு மாதிரி இருக்கும் தம்பி," என்றார் அவர். "முன்வேர்ல பெரிய குழல்ல நான் வளைவு வரைக்கும்தான் போனேன், அதுக்கு மேல சுரண்டற ஊசி போகலை. பலவந்தம் பண்ணாதே, பக்கவாட்டுல பொத்துக்கும். ரெண்டாவது குழல் இருக்கறதே எனக்குத் தெரியாது. நேத்துதான் பாத்தேன்."

"சரி அகே. படத்துல பாத்து வழியைக் குறிச்சு வெச்சிருக்கேன்." எர்னிஸ் மரப்பு ஊசி போட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பை மாட்டினான். புருலால் இனிப் பேச முடியாது. "எஜே, வலிச்சா இடது கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடறேன்."

துளைப்பான் சத்தம் ஆரம்பித்தது. முதல் பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. செங்கல் பொடி மாதிரி சிவப்புத் தூள் வந்துகொண்டிருந்தது. பிறகு அந்தத் திறக்காத குழலின் வாயைச் சுரண்டுகிற ஊசி தொட்டது. மருந்து அங்கே எட்டவில்லை. வலி கண்ணுக்குள் ஏறிப் பின்மண்டைக்குப் போனது. புருலின் கை நாற்காலிப் பிடியின் மேலேயே கிடந்தது.

"நிறுத்து தம்பி," என்றார் தெமிர்குல்.

எர்னிஸ் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தான். "கையைத் தூக்கலையே அகே."

"அவ தூக்க மாட்டா. கால் விரலைப் பாரு. மடங்கியிருக்கு."

எர்னிஸ் எட்டிப் பார்த்தான். காலுறைக்குள் பத்து விரலும் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன.

"அன்னைக்கும் இப்படித்தான் மடங்குச்சு," என்றார் அவர். குரல் தாழ்ந்து போயிருந்தது. "அன்னைக்கும் நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் நிறுத்தாம செஞ்சேன்."

புருல் ரப்பர் விரிப்புக்கு மேலே கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாக இடது கையைத் தூக்கினாள். எர்னிஸ் இன்னொரு மரப்பு ஊசிக்கு மருந்து எடுக்கத் திரும்பினான்.